ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரும் பன்னிரண்டு அடிச் சுவரும்

"உலகத்துல இருக்கிற எந்த ஆம்ப்ளிஃபையரை வேணும்னாலும் கொண்டாந்து திரைக்குப் பின்னாடி வைங்க. வால்வா, டிரான்சிஸ்டரான்னு ஒரே நிமிஷத்துல சொல்றேன். அதுக்கு என் காது ஒண்ணு போதும், வேற ஒரு மண்ணும் வேணாம். தப்பாச் சொன்னேன்னா அன்னைக்கே இந்தக் காதை அறுத்து உங்க கையில கொடுத்துடறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மச்சினன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் லிஃப்ட் மெக்கானிக் இப்படி முழங்கினார். பெரிய சபதங்கள் எல்லாம் வயிறு நிறைந்த நேரத்தில்தான் பிறக்கின்றன. பசித்தவனுக்குக் காதை அறுப்பதைப் பற்றி யோசிக்க ஏது நேரம்?

சபதத்துக்குத் தூபம் போட்டவர் மச்சினன்தான். அதாவது மெக்கானிக்குடைய மனைவியின் தம்பி. காது கேட்கும் கருவி விற்கிற நிலையம் ஒன்றில் அவருக்குப் பரிசோதகர் வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய யாரோடு பேசினாலும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையின் பக்கவாட்டைத்தான் பார்ப்பார். சொந்த அக்கா புருஷன் என்ற சலுகை மெக்கானிக்குக்குக் கிடைக்கவில்லை.

"மாமா, முப்பது வருஷமா மோட்டார் ரூம்ல நிக்கறீங்க. உங்க காது இன்னும் உங்ககிட்டதான் இருக்குன்னு எதை வெச்சு நம்பறீங்க?"

"ஒட்டிக்கிட்டுதானே இருக்கு?"

"ஒட்டிக்கிட்டு இருக்கறது மடல். நான் உள்ள இருக்கறதைக் கேக்கறேன்."

இந்த இடத்தில்தான் மெக்கானிக் எழுந்து நின்று மேற்கண்ட பிரகடனத்தை வெளியிட்டார். மச்சினன் சிரித்தார். மெக்கானிக்குடைய மனைவி சிரிக்கவில்லை. அவர் தையல்காரர். எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளக்கிறவர்.

"அப்ப அதுலேயே தீர்த்துக்கலாமே, அந்தச் சுவர் விஷயத்தை" என்றார்.

சுவர் விஷயம் என்பது அந்த வீட்டில் இரண்டு வருடமாக நடந்து வரும் எல்லைத் தகராறு. அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. பலகைத் தரை போட்ட பழைய கட்டடம். முன் அறையில் ஒரு சுவரை ஜன்னல் எடுத்துக்கொண்டது. இன்னொன்றை இரண்டு கதவுகள் பங்கு போட்டுக்கொண்டன. வாசல் பக்கம் இருந்த மூன்றாவது சுவர் ஐந்தடி நீளக் குட்டைச் சுவர், குடை மாட்டத்தான் ஆகும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுவர். பன்னிரண்டு அடி நீளம். ஆணி அடிக்காத, விரிசல் விடாத, மாசில்லாத சுவர்.

அந்தச் சுவரை ஒட்டி வெட்டுமேசை ஒன்று போட வேண்டும் என்பது மனைவியின் கட்சி. ஒன்பது வருடமாக அவர் பள்ளிச் சீருடைத் துணியைக் கட்டில்மேல் விரித்து, குனிந்துதான் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டில் படுப்பதற்கான உயரம், வெட்டுவதற்கானது அல்ல. இதை அவர் இடுப்பு ஒவ்வொரு சாயங்காலமும் அவருக்கு எடுத்துச் சொல்லும்.

மெக்கானிக்கின் கட்சி வேறு. அந்தச் சுவரில் இரண்டு ஸ்பீக்கர்கள், எட்டடி இடைவெளி விட்டு. நடுவில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். எதிரில் ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் அவர்.

"எட்டடி எதுக்குங்க?"

"காதுக்கு. இடது காதுக்கு இடது, வலது காதுக்கு வலது. நடுவுல பாடறவங்க நிப்பாங்க."

"அவங்க நிக்க எடம் இருக்கு. நான் நின்னு வெட்டத்தான் இல்லை."

அதனால்தான் மச்சினன் வீட்டு மேசையில் அந்த அம்மாள் சமயம் பார்த்து அடித்தார். விதிமுறைகளையும் அவரே வகுத்தார். பத்துத் தடவை. பத்தும் சரியாகச் சொன்னால் சுவர் ஸ்டீரியோவுக்கு. ஒன்று தவறினாலும் வெட்டுமேசைக்கு.

"பத்துக்கு எட்டுன்னு வெச்சுக்கக் கூடாதா?" என்றார் மெக்கானிக், குரலைக் கொஞ்சம் இறக்கி.

"காதை அறுத்துக் கொடுக்கறேன்னு சொன்னவருக்கு எட்டு எதுக்கு?"

மச்சினன் பரிமாறும் கரண்டியால் மேசையைத் தட்டி ஏலத்தை முடித்து வைத்தார்.

மெக்கானிக் சும்மா வாய்ச் சவடால் விடுகிற ஆள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். லிஃப்டில் ஏதோ சரியில்லை என்று எங்கிருந்தாவது புகார் வந்தால் மற்றவர்களைப் பெட்டி நிறையக் கருவிகளோடு அனுப்புவார்கள். இவர் ஒரு திருப்புளியோடு போவார். லிஃப்டுக்குள் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரண்டு தடவை மேலே போய்க் கீழே வருவார். கூட ஏறும் குடித்தனக்காரர்கள், மனிதர் நின்றபடியே தூங்குகிறார் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். கண்ணைத் திறந்ததும், "ஆறாவது மாடிக் கதவு உருளை தேஞ்சிருக்கு. பிரேக்கு ஒரு நூல் இறுக்கம்" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். "என்னா காதுய்யா உனக்கு!" என்று மேனேஜர் வியப்பார். அந்த வியப்பைத் தினமும் கேட்டுக் கேட்டு, கடைசியில் காதுக்கு உரியவரே அதை நம்பிவிட்டார்.

வால்வு ஆசை பிற்காலத்தில் பிடித்தது. வால்வு என்பது அந்தக் கால ரேடியோவின் வயிற்றுக்குள் மினுக்மினுக்கென்று எரியுமே, அந்தக் கண்ணாடிக் குமிழ். டிரான்சிஸ்டர் வந்த பிறகு உலகம் அதை மறந்துவிட்டது. உலகம் மறந்ததை எல்லாம் நினைவில் வைத்திருப்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் எழுதியதை மெக்கானிக் இரண்டு வருடம் விடாமல் படித்தார். வால்வின் ஒலி தேன் என்று ஒருவர் எழுதினார். பட்டு என்று இன்னொருவர் மறுத்தார். மழை ஈரம் என்று மூன்றாமவர் இருவரையும் திட்டினார். ஒலியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுவார்கள். மெக்கானிக்குக்கு மூன்றுமே பிடித்திருந்தது.

சோதனை நடந்த கடை, டயர் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது. கடைக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் எந்நேரமும் சால்டரிங் அயர்ன். ஒரு நாளைக்கு இவ்வளவு வார்த்தைதான் என்று யாரோ ரேஷன் போட்டது மாதிரிப் பேசுவார். உள்ளே பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு பலகை மேடை. அதில் செருப்போடு ஏறக் கூடாது. தூசி ரெக்கார்டு பிளேயரின் ஊசிக்கு எமன்.

மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி நாற்காலியில் அமர்ந்தார். திரைக்குப் பின்னால் ஒரு வால்வும் ஒரு டிரான்சிஸ்டரும். இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்கள், ஒரே சத்த அளவு. ரெக்கார்டில் ஒரு பியானோவும், ஆள் உயரத்துக்கு நிறுத்தி வாசிக்கிற பெரிய பேஸ் வாத்தியமும். எதைப் போடுவது என்று மச்சினன் விரலால் காட்டுவார், கடைக்காரம்மா ஸ்விட்சைத் திருப்புவார், மச்சினன் குறித்துக்கொள்வார். மெக்கானிக் சொல்வதை மனைவி தனியாக எழுதிக்கொள்வார். ஒரு பொதுத் தேர்தலுக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து கிடையாது.

மெக்கானிக் கண்ணை மூடினார்.

"வால்வு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டிரான்சிஸ்டர்." மறுபடி, "டிரான்சிஸ்டர்."

மச்சினன் தந்திரம் செய்து பார்த்தார். ஸ்விட்சைத் திருப்புவது போலச் சத்தம் எழுப்பச் சொல்லிவிட்டு, அதே வால்வைத் தொடர்ந்து நாலு தடவை போட வைத்தார்.

"வால்வு. வால்வு. வால்வு. திரும்பவும் வால்வு. ஏன் மாப்ளே, மாத்தறதுக்குக் கை வலிக்குதா?"

கடைக்காரம்மா அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பத்தும் பொருந்தின. மச்சினன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"எப்படி மாமா?"

"நீ எப்ப வேணும்னாலும் வரலாம் மாப்ளே. காது கேக்கலேன்னா நான் பார்த்துத் தர்றேன்" என்றார் மெக்கானிக். டயர் கடைப் படிக்கட்டில் அவர் இறங்கிய தோரணையைப் பார்த்துக் கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

மனைவி பேச்சு மாறவில்லை. "சுவர் உங்களுதுதான்" என்றார். மறுநாள் மெக்கானிக் அவருடைய தையல் சாக்குக்கட்டியை எடுத்துச் சுவரில் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடம் குறித்தார். "எழுதிட்டு டப்பாவுல திருப்பி வைங்க" என்பதற்கு மேல் அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்பது சீருடைகளுக்கு ஆர்டர் வந்திருந்தது. கட்டிலில் துணியை விரித்தார், குனிந்தார், வெட்டினார். நிமிரும்போது மட்டும் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இரண்டு தவணையாக நிமிர்ந்தார். மெக்கானிக் கதவு வழியாக அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி அளவுகோலைப் பார்த்தார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். சண்டை போடாதவரிடம் ஜெயித்ததைத்தான் அவரால் சமாளிக்க முடியவில்லை.

வால்வு என்பது முடிவாகிவிட்டது, எந்த வால்வு என்பது மிச்சம். கடையில் இரண்டு இருந்தன. சின்னவர் எட்டு வாட், மெலிந்த உடம்பு, படித்தவர்கள் மெச்சும் ரகம். பெரியவர் நாற்பது வாட், இரும்புப் பெட்டி கனம். புதன்கிழமை மதியம் மெக்கானிக் தனியாகத் தேர்வு செய்யப் போனார். இந்தத் தடவை திரையைக் கேட்டு வாங்கினார்.

"திரை போட்டுடுங்கம்மா. பார்க்க அழகா இருக்குன்னு மயங்கிடக் கூடாது பாருங்க. காது சொல்லட்டும்."

மேடைமேல் புதிதாக ஒரு தடித்த ரப்பர் விரிப்பு. மேலே பாட்டுப் போட்டால் கூரையிலிருந்து தூசி கொட்டுகிறது என்று டயர் கடைக்காரர் புகார் சொல்லியிருந்தாராம். மெக்கானிக் அமர்ந்து கண்ணை மூடினார்.

முதலாவது ஒலித்தது. "ஆகா, தேன்" என்றார். இரண்டாவது ஒலித்தது. "இது பட்டு. வழுக்கிட்டுப் போகுது பாருங்க." மூன்றாவது தடவை அவர் குரலே தழுதழுத்தது. "அம்மா, இதுதாம்மா. இந்த ஈரம் டிரான்சிஸ்டருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

கடைக்காரம்மா திரையை விலக்கினார். வால்வுப் பெட்டிகள் இரண்டும் பேச்சு மூச்சில்லாமல் இருட்டாக நின்றன. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி பச்சை விளக்கோடு கண் சிமிட்டியது.

"மூணு தடவையும் இதான் சார்."

மெக்கானிக்கின் நிலைமை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டின் நிலைமை. மேலேயும் கதவில்லை, கீழேயும் கதவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்ற கடைக்காரம்மா, அந்த மாதத்துக்கான ரேஷன் முழுவதையும் அன்றைக்கே செலவழித்தார். "அன்னைக்கு நீங்க பத்தும் சொன்னதுல இருந்து எனக்கு வேலையே ஓடல. பதினஞ்சு வருஷமா இதையே பண்றேன், எனக்கே பத்துக்கு ஆறுதான் வரும். எப்படிச் சொன்னீங்கன்னு தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. அதான் சார். வால்வைப் போட்டுக் காட்டறேன், உக்காருங்க."

அவர் சின்னவரையும் பெரியவரையும் சூடாக்கி ரெக்கார்டைத் திரும்ப வைத்தார். மெக்கானிக் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம், வழியில் எங்காவது காதை அறுத்துப் போட்டுவிடலாம் என்ற முடிவோடு செருப்பைத் தேடி நடந்தார். விரிப்பு முடிகிற இடத்தில் அவருடைய இடது கால் வெறும் பலகையில் பட்டது. அந்த நேரம் பார்த்துப் பேஸ் வாத்தியம் ஒரு கனத்த சுரத்தைப் போட்டு முடித்தது.

"வால்வு" என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. அசையாமல் நின்றார்.

"மாத்துங்க."

கடைக்காரம்மா மாற்றினார்.

"டிரான்சிஸ்டர். மாத்துங்க. சின்ன வால்வு. அய்யய்யோ, மாத்துங்க!"

காலை எடுத்து விரிப்பில் வைத்தார். எல்லாம் ஒன்றாகிப்போனது. பலகையில் வைத்தார். தனித்தனியாகப் பிரிந்தது. கடைக்காரம்மா ஸ்விட்சை விட்டுவிட்டு ஓடிவந்து அவர் காலைப் பார்த்தார். சாதாரணக் கால்தான். பெருவிரல் நகம் வெட்ட வேண்டியிருந்தது.

"என்ன சார் பண்ணுது?"

"பிரேக்கும்மா, பிரேக்கு!" என்று கத்தினார் மெக்கானிக். "டிரான்சிஸ்டர்ல அந்தச் சத்தம் முடியறப்ப டக்குன்னு பிடிச்சு நிறுத்திடுது. புது பிரேக்கு மாதிரி. வால்வு அப்படி இல்லை. மாடிக்கு வந்து நின்னதுக்கப்புறம் ஒரு சின்னத் தளும்பல், உள்ள இருக்கறவங்களுக்கே தெரியாது. சின்னவரு பாரம் தாங்காம ஒரு நூல் கீழ எறங்கிட்டு மேல வர்றாரு. பெரியவருதான் அழகா வந்து உக்கார்றாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "முப்பது வருஷமா கால் பார்த்த வேலைக்குக் காது பேர் வாங்கியிருக்கும்மா!"

லிஃப்டுக்குள் கண்ணை மூடி நின்ற அத்தனை வருடமும் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். பாராட்டெல்லாம் தலையோடு போய்விட்டது. கால் வரைக்கும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"பெரியவரையே கட்டிக் கொடுத்துடுங்க" என்றவர், போகிற போக்கில் விசாரிப்பது போல, "அந்த எட்டடி இடைவெளி?" என்றார்.

"அது காதுக்குத்தான் சார். உங்க காலுக்கு எங்க வெச்சாலும் ஒண்ணுதான்."

இதோடு அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடிக்கொள்வதில் லாபமும் இருந்தது. கடைக்காரம்மா வெளியே சொல்லப் போவதில்லை, ரேஷன் தீர்ந்துவிட்டது. பத்துக்குப் பத்து பத்தாகவே இருக்கும். டாக்டர் டாக்டராகவே இருப்பார். சுவரும் கையில். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மெக்கானிக் இதை யோசித்தபடியே நடந்தார்.

பெரியவர் இருபத்திரண்டு கிலோ. லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சினன் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள்.

"மாமா, ஜெயிச்சது நீங்க. முதுகு ஒடியறது மட்டும் ஏன் எனக்கு?"

"பேசாம ஏறு மாப்ளே. பேசினா கனம் கூடும்."

நீளச் சுவரில் எல்லாம் அமைந்தது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. மச்சினன்கூட ஒரு நிமிடம் தொழிலை மறந்து, "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றார். மெக்கானிக் தன் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரையும் பக்கத்தில் வைத்து, கடைக்காரம்மாவிடம் இரவல் வாங்கிய ஸ்விட்சில் இரண்டையும் மாட்டினார். பிறகு உள்ளறையில் வெட்டிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"எண்பதுல இன்னும் முப்பது பாக்கி இருக்குங்க. அப்புறமா கேக்கறேனே."

"அஞ்சு நிமிஷம். கத்தரியை வெச்சுட்டு வா."

அவர் வந்து பார்த்தபோது மெக்கானிக் தையல் பெட்டியிலிருந்து இரண்டு தோள்பட்டைத் திண்டுகளை எடுத்துப் பிரித்து உள்ளே இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அது கோட்டுக்கு வெச்சிருந்தது!"

பஞ்சு அதற்குள் இரண்டு காதுக்குள்ளும் இறங்கிவிட்டது. அதற்குமேல் மோட்டார் ரூமுக்கென்று கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிறக் காதுமூடியை மாட்டினார். ரெக்கார்டை ஓடவிட்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெறுங்கால்கள் இரண்டையும் பலகைத் தரையில் ஊன்றினார்.

"பத்துத் தடவை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அவர் சத்தம் அவருக்கே கேட்கவில்லை, பாவம். "நீ மாத்து! அவன் எழுதட்டும்!"

மச்சினனுக்குள் இருந்த பரிசோதகர் விழித்துக்கொண்டார். பின்னால் போய்க் கையைத் தட்டினார். இடது பக்கம் தட்டினார், வலது பக்கம் தட்டினார். அடுக்களையிலிருந்து ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து ஓங்கி அடித்தார். மெக்கானிக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அக்கா, சுத்தம். ஒரு பொட்டுச் சத்தம் உள்ள போகலை. என் சர்வீஸ்ல இப்படி ஒரு காதைப் பார்த்ததில்லை."

மனைவி ஒன்றும் புரியாமல்தான் ஸ்விட்சைத் திருப்பினார்.

"வால்வு!" என்று மெக்கானிக் அலறினார்.

மறுபடி திருப்பினார்.

"டிரான்சிஸ்டர்!"

திருப்பாமல் விட்டார்.

"அதே டிரான்சிஸ்டர்தான்! தம்பி புத்தி உனக்கும் வந்துடுச்சு!"

ஐந்தாவது தடவையில் மச்சினன் எழுதுவதை நிறுத்தி அவர் காலைப் பார்த்தார். ஏழாவது தடவையில் மனைவியும் பார்த்தார். பெருவிரல் இரண்டும் பலகையை மெல்ல அழுத்தி, தளர்ந்து, மறுபடி அழுத்தின. பத்தாவதும் முடிந்தது. மச்சினன் காகிதத்தை அக்காவிடம் நீட்டினார்.

"பத்துக்குப் பத்து" என்றார் மனைவி.

"காதே இல்லாமலா?" என்றார் மச்சினன். "அப்ப அன்னைக்கும்...?"

மெக்கானிக்குக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்காக அவர் காத்திருக்கவும் இல்லை. ஆரஞ்சுக் காதுமூடியோடு எழுந்தார். நீளச் சுவர் பக்கம் போய் இடது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றினார். ஸ்பீக்கரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, வாசலோரக் குட்டைச் சுவரில், குடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து வலது ஸ்பீக்கரைத் தூக்கினார். அதை இதற்கு ஒட்டினாற்போல வைத்தார். நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. பிறகு பெரியவர். மச்சினன் சொல்லாமலே மறுபக்கம் பிடித்தார்.

மனைவி வெறுமையான அந்தப் பன்னிரண்டு அடியின் முன்னால் வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவி, ஒரு நுனியைச் சுவரின் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

மெக்கானிக் வந்து மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்.